ஊசி வைத்தியமும் மூளையும்: படம் சொல்வதும் சொல்லாததும்



காலை முதல் இரவு வரை கடையில் நின்று வியாபாரம் செய்கிறவர்களுக்கு முழங்கால் வலியும் இடுப்பு வலியும் புதியவை அல்ல. கல்லாவில் உட்கார்ந்தே காலங் கழிப்பவர்களுக்குக் கழுத்துப் பிடிப்பு. ரொட்டி மாவைப் பிசைந்து வீசுகிறவர்களுக்கு மணிக்கட்டு வலி. தைலம் தடவியும் மாத்திரை விழுங்கியும் வலி கேளாதபோது, பக்கத்துக் கடைச் சீன நண்பர் தமக்குத் தெரிந்த சின்சேயிடம் போய் ஊசி குத்திக்கொள்ளச் சொல்கிறார். சொல்வதோடு நில்லாமல், மூளையிலே சிவப்பும் நீலமுமாக வர்ணம் தீட்டிய ஒரு படத்தையும் காட்டி, "இதோ பாருங்கள், ஊசி வேலை செய்கிறது என்று விஞ்ஞானிகளே படம் பிடித்து நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார்.

அந்தப் படம் மெய்யானதுதானா? மெய்யானால், அது எதனை நிரூபிக்கிறது? எதனை நிரூபிக்கவில்லை? நமது பணமும் உடம்பும் இதில் அடங்கியிருப்பதால், இந்த விஷயத்தைச் சற்று நிதானமாகப் படித்தறிவது நமக்கு அவசியமாகிறது. சரக்கை மாதிரி பார்த்து வாங்குகிற நாம், வைத்தியத்தையும் மாதிரி பார்த்தே ஏற்க வேண்டுமல்லவா?

பழைய கொள்கை

ஊசி வைத்தியத்தை ஆங்கில வழக்கையொட்டி அக்குபங்சர் என்று அழைக்கிறோம். சீன நாட்டில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவருவது இது. உடம்பில் 'ச்சி' என்னும் உயிர்ச்சக்தி சில பாதைகள் வழியே ஓடுகிறது என்பதும், அந்த ஓட்டம் தடைப்படும்போது நோய் உண்டாகிறது என்பதும், பாதைகளின் மேலுள்ள குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசியைச் செலுத்தினால் தடை நீங்கும் என்பதும் அதன் கொள்கை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் உண்டு. இன்ன புள்ளி இன்ன உறுப்புக்கு என்ற கணக்கும் உண்டு. ஊசியைச் சுழற்றும்போது நோயாளிக்கு ஒருவிதக் கனமும் மரமரப்பும் மந்தமான நோவும் தோன்றும். இதனைச் சீனர் 'தேச்சி' என்பர். அது தோன்றினால்தான் ஊசி பலித்தது என்று கொள்வது அவர்கள் மரபு.

இந்தக் கொள்கையை மேல்நாட்டார் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1971-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பீக்கிங் சென்றிருந்த ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் குடல்வால் அழற்சி கண்டு அங்கேயே அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு உண்டான வயிற்று உபாதைக்கு அவருக்கு ஊசி குத்தினார்கள்; ஒரு மணி நேரத்துக்குள் சுகம் கிடைத்தது என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அறுவையே ஊசியின் மயக்கத்தில் நடந்தது என்று இன்றும் பலர் கூறுவர். அது தவறு. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்தே கொடுக்கப்பட்டது. ஊசி வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு செய்தி வாய்க்கு வாய் மாறும்போது எப்படிப் பெருத்துப் போகிறது என்பதற்கு இது முதல் பாடம்.

மூளை வேதியியல்

பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் என்னும் விஞ்ஞானி 1965 முதலே இதனை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊசி குத்தியபின் வலி தாங்கும் சக்தி உடனே உயராமல் மெல்ல மெல்ல உயர்வதையும், ஊசியை எடுத்தபின் மெல்ல மெல்லத் தணிவதையும் அவர் கண்டார். மின்சார விளக்கைப் போல் சட்டென எரிந்து சட்டென அணைவதாயின் நரம்பின் வேலை மாத்திரம் எனலாம். மெல்ல ஏறி மெல்ல இறங்குவதால் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் ஊறுகிறது என்று ஊகித்தார். ஊசி குத்தப்பட்ட முயலின் மூளை நீரை எடுத்து வேறொரு முயலுக்குச் செலுத்தியபோது, ஊசியே குத்தப்படாத அந்த முயலுக்கும் வலி தாங்கும் சக்தி கூடியது.

1975-இல் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இருவர், மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருளைக் கண்டுபிடித்து அறிவித்தனர். அபினின் வேலையை முறிக்கும் நாலாக்சோன் என்ற மருந்து ஒன்று உண்டு. 1977-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், ஊசியால் தணிந்திருந்த பல் வலி நாலாக்சோன் கொடுத்ததும் திரும்பி வந்தது. பின்வந்த பரிசோதனைகள் யாவும் இதனை ஒத்துச் சொல்லவில்லையாயினும், ஊசிக்கும் மூளைக்கும் தொடர்புண்டு என்ற வழி திறந்துவிட்டது. ஆனால் உயிரோடிருக்கும் மனிதனின் மூளைக்குள் அப்போது எட்டிப்பார்க்க முடியவில்லை.

மூளையைப் படம் பிடிப்பது எப்படி?

எம்.ஆர்.ஐ. என்ற யந்திரத்தை நம்மில் பலர் ஆஸ்பத்திரியில் கண்டிருப்போம். சுரங்கம் போன்ற குழாய், உள்ளே படுக்க வேண்டும், படபடவென்று பெருஞ்சத்தம். அதன் காந்தம் பூமியின் காந்த சக்தியைப்போல் பல்லாயிரம் மடங்கு வலியது. இந்த யந்திரத்தைக் கொண்டே மூளையின் வேலையையும் பார்க்கலாம் என்பதற்கு 1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் செய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி வழி காட்டினார். பிராணவாயு நிறைந்த இரத்தம் ஒருவிதமாகவும், பிராணவாயுவை இழந்த இரத்தம் வேறுவிதமாகவும் காந்தத்துக்கு எதிரொலிக்கின்றன. மூளையின் ஒரு பாகம் வேலை செய்யும்போது அங்கே புது இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. அந்த வேறுபாட்டையே யந்திரம் குறித்துக்கொள்கிறது. 1992 முதல் மனிதர்களிடம் இம்முறை கையாளப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூளையின் எண்ணத்தையோ வலியையோ யந்திரம் நேரே படம் பிடிப்பதில்லை. இரத்த ஓட்டத்தைத்தான் பிடிக்கிறது. அதுவும் சில வினாடிகள் பிந்தி. மாற்றமும் நூற்றுக்குச் சில பங்குதான். படத்தில் காணும் சிவப்பும் நீலமும் மூளையில் எரியும் விளக்குகள் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தபின் விஞ்ஞானிகள் இட்ட வர்ணங்கள். ஒரு கடையின் முன்னே லாரிகள் வந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வியாபாரம் நடக்கிறது என்று அறியலாம். லாபமா நஷ்டமா என்பது லாரியைப் பார்த்தால் தெரியுமா? அதற்கு ஐந்தொகையை அல்லவா பார்க்க வேண்டும்! இந்த உவமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே வருவன யாவும் எளிதில் விளங்கும்.

படத்தில் கண்டது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் கேத்லின் ஹுய் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 13 பேரை யந்திரத்துள் படுக்கவைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள 'ஹெகு' என்ற புள்ளியில் ஊசியைச் செலுத்தி ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொடு உணர்ச்சியை அறியும் பாகத்தில் வேலை கூடியது, அது எதிர்பார்த்ததே. ஆனால் மூளையின் ஆழத்திலே, அச்சத்துக்கும் உணர்ச்சிக்கும் இருப்பிடமான பாகங்களில் வேலை குறைந்தது. 'தேச்சி' என்ற கனத்தை உணர்ந்த 11 பேரிடம் இக்குறைவு காணப்பட்டது. ஊசியைச் சுத்த வலியாகவே உணர்ந்த 2 பேரிடமோ, அவ்வாழத்துப் பாகங்கள் சிலவற்றில் வேலை கூடிற்று.

ஆகவே ஊசி குத்தினால் மூளை அசைகிறது என்பது மெய். சீனரின் பழைய சொல்லான 'தேச்சி'க்கும் வெறும் வலிக்கும் மூளையிலேயே வேறுபாடு இருக்கக்கூடும் என்பதும் கவனத்திற்குரியது. ஆனால் 13 பேர் என்பது சிறு மாதிரி. ஒரு மூட்டையில் ஒரு பிடி அரிசியைப் பார்த்துக் கப்பல் முழுவதற்கும் விலை பேசுகிறவர் நம்மில் யாரும் இல்லை.

ஒரு பிழையும் அதன் திருத்தமும்

1998-ஆம் ஆண்டில் ஒரு செய்தி உலகை வியக்கவைத்தது. காலின் சுண்டுவிரல் ஓரத்தில் கண் நோய்க்குரியதாகச் சீனர் சொல்லும் புள்ளி ஒன்று உண்டு. அதில் ஊசி குத்தியபோது, மூளையின் பின்புறத்தில் கண் பார்வைக்குரிய பாகம் வேலை செய்வதைக் கண்டோம் என்று சோ என்னும் கொரிய விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழுவினர், அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினர். கால்விரலில் ஊசி, கண்ணின் பாகத்தில் ஒளி! பழைய கொள்கைக்கு இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும் என்று பலரும் மகிழ்ந்தனர்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2006-இல், சோவும் அக்குழுவினர் சிலரும் அதே சஞ்சிகையில் தம் முடிவைத் திரும்பப் பெற்றனர். குறைந்தபட்சம் வலி தணிக்கும் விஷயத்தில், குறிப்பிட்ட புள்ளிக்குக் குறிப்பிட்ட பலன் என்பது இல்லை என்றும், முன்பு எழுதியதைத் தாம் இப்போது ஒப்பவில்லை என்றும் வெளிப்படையாக அறிவித்தனர். தாம் விற்ற சரக்கில் குறை கண்டு, வாங்கியவரை அழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற வியாபாரியை நாம் எவ்வளவு மதிப்போமோ, அவ்வளவு மதிப்பு இச்செயலுக்கும் உரியது. ஆனால் முதற்செய்தி பரவிய வேகத்தில் திருத்தம் பரவுவதில்லை. இன்றும் அந்தச் சுண்டுவிரற் கதையைச் சொல்வோர் உளர்.

யந்திரத்தை அளவுக்கு மீறி நம்பலாகாது என்பதற்கு வேறொரு வேடிக்கையான பரிசோதனையும் உண்டு. 2009-இல் கிரேக் பென்னெட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை யந்திரத்துள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் 'காட்டி'ப் படம் பிடித்தார்கள். கணக்கில் செய்ய வேண்டிய ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது, செத்த மீனின் மூளையிலும் 'வேலை' நடப்பதாகப் படம் காட்டியது! திருத்தத்தைச் செய்ததும் அது மறைந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் தேடினால், தற்செயலாகவே சில இடங்கள் ஒளிரும் என்பதே இதன் பாடம். யந்திரம் பொய் சொல்லவில்லை. கணக்கன் கண்ணயர்ந்தால் பேரேடு பொய் சொல்லும்.

போலி ஊசி என்னும் தராசு

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறோம். ஊசியால் சுகம் கண்டவருக்குச் சுகம் எதனால் வந்தது? ஊசியினாலா? வைத்தியர் கைபிடித்து அன்பாய் விசாரித்ததனாலா? சுகம் வரும் என்ற எதிர்பார்ப்பினாலா? இவற்றைப் பிரித்து நிறுக்க ஒரு தராசு வேண்டும்.

1998-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்ட்ரைட்பெர்கர் என்னும் டாக்டர் போலி ஊசி ஒன்றை உருவாக்கி அறிவித்தார். அதன் நுனி மழுங்கியது. தோலைத் தொட்டதும் ஊசி தன் பிடிக்குள்ளே சுருங்கிக்கொள்ளும். நாடகத்தில் குத்தும் கத்தியைப் போன்றது. நோயாளிக்கோ மெய்யூசி இறங்கியது போலவே தோன்றும். மெய்யூசியை ஒரு தட்டிலும் போலி ஊசியை மறு தட்டிலும் வைத்தால், எஞ்சி நிற்கும் எடையே ஊசியின் சொந்த எடை.

2005-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கட்டைவிரல் மூட்டு வாதமுள்ள 14 பேருக்கு மெய்யூசி, இப்போலி ஊசி, 'இதனால் பலன் இல்லை' என்று முன்னரே சொல்லிச் செய்த வெறும் குத்தல் ஆகிய மூன்றும் முறைமாற்றி அளிக்கப்பட்டு, பெட் என்னும் வேறுவகை யந்திரத்தால் மூளை படமெடுக்கப்பட்டது. பலன் வரும் என்று நம்பிய இரு சமயங்களிலும், மெய்யூசியானாலும் போலியானாலும், எதிர்பார்ப்புக்கும் வலி அடக்கத்துக்கும் உரிய பாகங்கள் வேலை செய்தன. மெய்யூசியின்போது மாத்திரம் 'இன்சுலா' என்ற பாகத்தில் கூடுதல் வேலை காணப்பட்டது. ஆக, நம்பிக்கையும் மூளையை அசைக்கிறது. ஊசியும் தன் பங்குக்கு ஏதோ சற்று அசைக்கிறது.

2009-இல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் ரிச்சர்ட் ஹாரிஸ் குழுவினர் செய்த ஆராய்ச்சி இன்னும் சிந்தனைக்குரியது. உடம்பெங்கும் வலியுள்ள 20 பெண்களில் ஒரு பாதியார்க்கு மெய்யூசியும் மறு பாதியார்க்குப் போலி ஊசியும் குத்தினர். மூளையில் அபின் போன்ற பொருளை ஏற்கும் வாயில்களை அளந்தபோது, மெய்யூசியார்க்கு அவ்வாயில்களின் ஏற்கும் திறன் கூடியிருந்தது, போலியார்க்குக் கூடவில்லை. ஆனால் வலி குறைந்த அளவோ இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றே! மூளையில் வேறுபாடு உண்டு. வலியில் வேறுபாடு இல்லை. முன்னே சொன்ன லாரி உவமையை இங்கே நினைவுகூர வேண்டும். நடமாட்டம் வேறு, லாபம் வேறு.

மணிக்கட்டு நரம்பு

படமும் பலனும் ஓரளவு சேர்ந்து போன உதாரணமும் உண்டு. மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போகும் நோய், கையால் ஓயாமல் வேலை செய்வோர்க்கு வருவது. இந்நோயாளிகளின் மூளையில், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய இடங்கள் தம் எல்லை கலைந்து ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் விட்டாலி நபதோவ் குழுவினர் 80 பேரை மூன்று பிரிவாக்கி, 8 வாரங்களில் 16 முறை சிகிச்சையளித்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். முதற்பிரிவுக்கு மணிக்கட்டிலும், இரண்டாவதற்கு எதிர்ப்புறக் காலிலும் மின்சாரம் சேர்த்த மெய்யூசி; மூன்றாவதற்குப் போலி.

சிகிச்சை முடிந்ததும் மூன்று பிரிவினருமே சுகம் சொன்னார்கள். ஆனால் மணிக்கட்டு நரம்பின் வேகம் சீர்பட்டது மெய்யூசியார்க்குத்தான். மூளையில் விரல்களின் எல்லை பிரிந்து சீர்பட்டவர்களுக்கு மூன்று மாதம் கழித்தும் சுகம் நிலைத்திருந்தது. நோயாளி வாயால் சொல்லும் சுகத்தோடு, நரம்பையும் மூளையையும் தனித்தனியே அளந்ததுதான் இந்த ஆராய்ச்சியின் சிறப்பு.

பெருங்கணக்கு

இருபது பேர், எண்பது பேர் என்பன சில்லறைக் கணக்கு. மொத்தக் கணக்கையும் பார்ப்போம். ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான பரிசோதனையில், ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டோர் நூற்றுக்கு: மெய்யூசியில் 47.6, புள்ளிகளை விட்டு வேறிடத்தில் மேலாகக் குத்திய போலியில் 44.2, வழக்கமான வைத்தியத்தில் 27.4.

2012-இல் விக்கர்ஸ் என்பாரும் பிறரும் 29 பரிசோதனைகளில் அடங்கிய 17,922 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். வலியின் அளவு நூற்றுக்கு 60 என்று தொடங்கினால், ஊசியில்லாதவர்க்கு 43 ஆகவும், போலியூசியார்க்கு 35 ஆகவும், மெய்யூசியார்க்கு 30 ஆகவும் இறங்கும் என்று அவர்கள் உதாரணம் காட்டினர். ஊசிக்குரிய சொந்த எடை 5. ஊசியோடு வரும் கவனிப்பு, நம்பிக்கை முதலியவற்றின் எடை 8. இரண்டும் நோயாளிக்கு வரவுதான். ஆனால் இரண்டையும் ஒரே பெயரில் எழுதுவது கணக்குக்கு அழகன்று.

இதே கணக்கைப் பார்த்துப் பெரியோர் இரு தீர்ப்பும் கூறியுள்ளனர். இங்கிலாந்தின் தேசிய வைத்திய வழிகாட்டு நிலையம் 2016-இல், இடுப்பு வலிக்கு ஊசி வைத்தியம் அளிக்க வேண்டாம் என்றது. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017-இல், நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றுள் ஊசியும் ஒன்று என்றது. முன்னவர் போலிக்கு மேல் எவ்வளவு என்பதையே பெரிதாக எண்ணினர். பின்னவர் நோயாளிக்குக் கிடைக்கும் மொத்தச் சுகத்துக்கும் இடமளித்தனர்.

நாம் செய்யத்தக்கது

படித்ததைத் தொகுத்துப் பார்ப்போம். ஊசி மூளையை அசைக்கிறது. இது நிலைபெற்ற உண்மை. நம்பிக்கையும் மூளையை அசைக்கிறது, இதுவும் உண்மை. நாட்பட்ட வலி சிலருக்குத் தணிகிறது. ஆனால் இன்ன புள்ளி இன்ன உறுப்பைக் குணமாக்கும் என்பதற்கு மூளைப் படம் சாட்சி சொல்லவில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஊசியால் அறவே தீரும் என்று ஒருவர் மூளைப் படத்தைக் காட்டிப் பணம் கேட்டால், அப்படம் அவர் சொல்லுக்கு ரசீது ஆகாது.

ஆகையால் முதலில் டாக்டரிடம் காட்டி நோய் இன்னதென்று அறிய வேண்டும். மார்பு வலி, ஒரு பக்கம் கைகால் விழுதல், நாக்குக் குழறுதல் ஆகியவற்றுக்கு ஊசியைத் தேடிப் போகாமல், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். நாட்பட்ட வலிக்கு ஊசியை முயல விரும்பினால், சட்டப்படி பதிவு பெற்ற வைத்தியரையே நாட வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு 2000-ஆம் ஆண்டின் சட்டமும், மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவர்க்குக் குத்தலாகாது. உறையைப் பிரித்த புது ஊசியா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பிலும் முதுகின் மேற்புறத்திலும் ஆழக் குத்தினால் நுரையீரலில் துளை விழுந்த சம்பவங்கள் உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும், நீரிழிவால் கால் மரத்தோரும் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

எத்தனை முறை, மொத்தச் செலவு எவ்வளவு, பலனில்லையேல் எப்போது நிறுத்துவது என்பவற்றை முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். வலியின் அளவைப் பத்துக்கு இத்தனை என்று வாரந்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், சில வாரங்களில் உண்மை தெரிந்துவிடும். பற்றும் வரவும் எழுதிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையன்று.

புதிய சரக்கு எதுவானாலும், "எதோடு ஒப்பிட்டு இதை நல்லது என்கிறீர்கள்?" என்று கேட்பது வியாபாரியின் வழக்கம். வர்ணப்படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் இந்த ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொண்டால், ஏமாறவும் மாட்டோம். நல்லதைத் தள்ளிவிடவும் மாட்டோம்.